படம் கலங்கினால் உடனே கையைக் குறை சொல்லாதீர்கள்

நல்லூர்த் தேர் முடிந்த அன்று பின்னேரம் மருமகன் கமராவோடு வந்தான். "மாமா, கை ஆடிப் போச்சு. காவடிப் படம் ஒன்றும் சரியில்லை. ட்ரைபொட் வாங்க வேணும்."

கணினியில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஆடுகிறவரின் முகமும் காவடியின் மயிலிறகும் கரைந்து கிடந்தன. ஆனால் பின்னால் கோபுரத்துச் சிற்பங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். கை ஆடியிருந்தால் கோபுரமும் சேர்ந்தல்லவா இழுபட்டிருக்கும்? ஷட்டர் வேகம் 1/60, அதாவது விநாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் ஒளி உள்ளே விழும். விடிய முன்னர், இருட்டுக்காக வைத்தது. வெயில் ஏறிய பிறகும் அவன் அதை மாற்றவில்லை. எஸ் முறையில் (சில கமராக்களில் டி.வி. என்றிருக்கும்) வேகத்தை நாம் வைத்தால், அப்பர்ச்சரை, அதாவது லென்சின் ஒளித் துவாரத்தை, கமரா தானே சுருக்கி வெளிச்சத்தைச் சரிக்கட்டிவிடும். படம் பிரகாசமாக வருவதால் பிழை கண்ணில் படாது. பின்பக்கச் சின்னத் திரையில் எல்லாப் படமும் கூர்மைதான்.

ஆகவே முதல் தவறு, எந்தக் கலங்கல் என்று பாராமல் மருந்து தேடுவது. முழுப் படமும் ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் கை. நின்றது தெளிவாக இருந்து அசைந்தது மட்டும் கலங்கினால் ஷட்டர் வேகம் போதாது. ஆள் கலங்கி, அவருக்கு முன்னாலோ பின்னாலோ உள்ளது மட்டும் கூர்மையாக இருந்தால் பெரும்பாலும் போக்கஸ் தவறியிருக்கும். ஷட்டரைத் தொடத் தேவையில்லை. லென்சில் உள்ள நடுக்கத் தடுப்பு உங்கள் கையைத்தான் பிடிக்கும், காவடி ஆடுகிறவரைப் பிடிக்காது. ட்ரைபொட்டும் அப்படித்தான். காவடிக்கு 1/500 வைத்துத் தொடங்குங்கள், துள்ளினால் 1/1000. வடம் பிடித்து நேரே உங்களை நோக்கி வருபவர்களுக்கு 1/125 கூடச் சில வேளை போதும். அதே நடையில் குறுக்கே போகிறவருக்கு 1/250 வேண்டும்.

கைக்கும் ஒரு கணக்கு உண்டு. லென்சின் மில்லிமீற்றர் அளவை 1க்குக் கீழே போடு என்பார்கள். 200 மி.மீ. என்றால் 1/200. சரி, ஆனால் அது முழுச் சட்டக சென்சருக்கு, அதாவது பழைய 35 மி.மீ. பிலிம் அளவுள்ளதற்கு. நம்மில் பலர் கையில் இருக்கும் சின்ன சென்சர் கமராவில் அந்த மில்லிமீற்றரை ஒன்றரையால் பெருக்க வேண்டும்: 200 என்பது 300 ஆகும், அதற்கு அடுத்த 1/320க்குக் குறையாமல் வையுங்கள்.

இதையெல்லாம் சொன்னதும் மருமகன் மறுகரைக்குப் போய்விட்டான். எதற்கெடுத்தாலும் 1/4000. வேகத்தை இரட்டித்தால் உள்ளே வரும் ஒளி பாதியாகும். அந்தப் பாதியை ஐ.எஸ்.ஓ.வை (சென்சரின் ஒளியுணர்வை) ஏற்றி ஈடுசெய்தால் படம் முழுக்க மணல் தூவினது போலாகும். அதைவிட, அசைவே செத்துப்போகும். பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டத்தின் விண், அந்தக் காற்றில் ஒலிக்கும் நாடா, துடிப்பது கொஞ்சமாவது படத்தில் தெரிய வேண்டாமா? உறைந்த விண் வெறும் நாடா. தவில்காரரை நான் 1/60இல்தான் எடுப்பேன். முகம் தெளிவாக இருக்கட்டும், விரல்கள் கலங்கட்டும். அந்தக் கலங்கலில்தான் அடி கேட்கிறது.

கலியாண மண்டபத்தில் வேறொரு வில்லங்கம். இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் ரியூப் லைட்டும் சில எல்.ஈ.டி. விளக்குகளும் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். 1/1000இல் எடுத்தால் மணமகள் முகத்தில் ஒரு படம் வெளிச்சம், அடுத்தது மங்கல். சில நேரம் குறுக்கே பட்டை விழும். 1/100 அல்லது 1/50 வையுங்கள், அநேகமாகப் போய்விடும். பிளாஷ் போட்டால் பல கமராக்களில் 1/200 அல்லது 1/250தான் எல்லை. அதற்கு மேல் போனால், அதிவேக ஒத்திசைவு வசதி இல்லாவிடில், படத்தின் ஒரு பகுதி கறுத்துவிடும்.

எண்ணை வாசிப்பதிலும் கவனம். பல கமராக்களின் திரையில் 4 என்றால் கால் விநாடி, 4க்குப் பக்கத்தில் இரட்டைக் கோடு இருந்தால் முழு நான்கு விநாடி. யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் பொழுது சாயும் நேரம் அந்தக் கோட்டைக் கவனியாமல் நானே ஒரு மாலையைத் தொலைத்திருக்கிறேன். அப்பர்ச்சர் எண் மினுங்கினால், நீங்கள் கேட்ட வேகத்துக்கு லென்ஸ் ஈடுகொடுக்கவில்லை என்று அர்த்தம்.

இப்போது மருமகன் பண்ணை வீதியில் நின்று, போகிற சைக்கிள்களோடு சேர்த்துக் கமராவையும் திருப்பி 1/30இல் எடுத்துப் பழகுகிறான். ஆள் தெளிவாக, கடல் கோடுகோடாக வர வேண்டும். அழுத்தியதும் கமராவை நிறுத்திவிடுவதுதான் அவனுடைய பிழை. ஷட்டர் மூடிய பின்னும் கை தொடர்ந்து திரும்ப வேண்டும். போன கிழமை நாற்பது எடுத்து ஒன்றை வைத்துக்கொண்டான். அதிலும் பின்சில்லு பாதி வெளியே.