சிராங்கூன் குழப்பத்தைத் தீர்த்த கதை

சிங்கப்பூரில் பழைய படங்களையும் ஆவணங்களையும் தேடித்தரும் ஓர் அமைப்பின் இடைநிலை மென்பொருளை நான் பராமரித்தபோது, சிராங்கூன் சாலையில் இருக்கும் தேக்கா பற்றிய தேடலில் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிராங்கூன் கார்டன்ஸ் படங்களும் சேர்ந்தே வந்தன. தரவைத் தேடி எடுக்கும் ஸ்பார்க்கிள் (SPARQL) மொழி வினவல்மீதுதான் முதலில் சந்தேகப்பட்டேன். இரண்டு நாள் வீணானது.

உண்மையில், மூன்று தரவுத்தளங்களை, தகவல்களைப் 'பொருள்–உறவு–பொருள்' என்ற சிறு கூற்றுகளாக எழுதும் ஆர்டிஎஃப் (RDF) வடிவில் இணைத்த நிரல், பெயர் ஒத்த இடங்களுக்கெல்லாம் பொருள்களின் உறவுகளை விவரிக்கும் ஓடபிள்யூஎல் (OWL) மொழியில் 'இரண்டும் ஒன்றே' எனச் சொல்லும் 'சேம்ஆஸ்' (sameAs) உறவை இட்டிருந்தது. அவ்வுறவு கடப்புத்தன்மை உடையது, அதாவது சங்கிலியாய்க் கடத்தப்படும்: சிராங்கூன் சாலை வெறும் 'சிராங்கூன்' என்ற பதிவோடும், அப்பதிவு வடகிழக்கில் சிராங்கூன் கார்டன்ஸை உள்ளடக்கிய சிராங்கூன் வட்டாரத்தோடும் ஒன்றெனப்பட்டதால், கொடுத்த உறவுகளிலிருந்து முடிவுகளைப் பெறும் மென்பொருளான தர்க்க இயந்திரம் சாலையையும் வட்டாரத்தையும் ஒரே பொருளாக்கிவிட்டது. இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. நாம் சொன்னதைத்தான் அது நம்பியது.

அந்த இணைப்புகளை நீக்கி, சாலைக்கும் வட்டாரத்துக்கும் தனித்தனி அடையாளங்கள் தந்தேன். பெயர்களின் எழுத்துவேறுபாடுகளை, 2009இல் இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சியின் (W3C) பரிந்துரையான, சொற்தொகுதிகளை ஒழுங்குபடுத்தும் ஸ்கோஸின் (SKOS) மாற்றுப்பெயருக்கான 'ஆல்ட்லேபிள்' (altLabel) பண்பில் வைத்தேன். தரவுத்தளங்களுக்கிடையே ஐயமுள்ள பொருத்தங்களுக்குச் சங்கிலியாய்க் கடத்தப்படாத, 'நெருக்கமான பொருத்தம்' என்று மட்டும் சொல்லும் ஸ்கோஸின் 'குளோஸ்மேட்ச்' (closeMatch) உறவு போதுமானதாக இருந்தது. வெற்றுச் 'சிராங்கூன்' பதிவுகளை மட்டும் கையால் பிரித்தேன். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் தேக்கா தேடலில் இப்போது தேக்காவே வருகிறது.