காய்கறி டிரேக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறதா? நீங்களே சரிசெய்யலாம்

துடைத்துவிட்டாலும் மறுநாள் காலையில் திரும்பத் தண்ணீர் நிற்கிறது என்றால் ஃபிரிட்ஜே போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் தண்ணீர் வடியும் ஓட்டைதான் அடைத்திருக்கும். உள்ளே பின்சுவரில் படியும் பனி உருகி, அந்த ஓட்டை வழியாகக் குழாயில் இறங்கி, பின்பக்கம் கம்ப்ரசருக்கு மேலே இருக்கும் தட்டில் விழுந்து, அந்தச் சூட்டில் ஆவியாக வேண்டும். ராயபுரம், காசிமேடு மாதிரி கடலோர வீடுகளில் காற்றிலேயே ஈரம் அதிகம். கதவைத் திறக்கும்போதெல்லாம் அதுவும் உள்ளே போகும், வடிய வேண்டிய தண்ணீரும் கூடும். கொத்தமல்லி இலை ஒன்று ஓட்டையில் சிக்கினாலே போதும்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. காய்கறி டிரே, கீழ்த்தட்டு இரண்டையும் வெளியே எடுங்கள். சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ் என்றால் பின்சுவரின் அடியில் ஒரு பள்ளமும் அதன் நடுவில் ஓட்டையும் தெரியும். டபுள் டோரில் அது ஃப்ரீசரின் பின்பலகைக்கு உள்ளே இருக்கும். அங்கே வயர்கள் ஓடுவதால் புதிதாகச் செய்பவர்கள் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

கண்ணுக்குத் தெரியும் அழுக்கை இயர்பட்ஸால் எடுங்கள். அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் 50 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி, ஊசி இல்லாமல், வெதுவெதுப்பான தண்ணீரை ஓட்டைக்குள் மெதுவாக அழுத்துங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் விரிந்துவிடும். அடைப்பு ஆழத்தில் இருந்தால் மீன்தொட்டிக்குக் காற்று போகும் மெல்லிய டியூப் அருமையாக உதவும். கொளத்தூர் மீன்கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். அதை உள்ளே விட்டு, முன்னும் பின்னும் ஆட்டி, தண்ணீர் செலுத்துங்கள். வழவழப்பு போக, தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கரைத்துக்கொள்ளலாம்.

கத்தி, ஸ்க்ரூடிரைவர், கம்பி எதையும் உள்ளே குத்தாதீர்கள். ஐஸையும் சுரண்டாதீர்கள், கதவைத் திறந்து வைத்தால் தானாக உருகும். சுவருக்குள் ஓடும் கேஸ் குழாயில் ஓட்டை விழுந்தால் செலவு எங்கேயோ போய்விடும். இப்போது வரும் பல ஃபிரிட்ஜ்களில் இருக்கும் ஆர்600ஏ தீப்பற்றக்கூடிய கேஸ் வேறு.

அடைப்பு விட்டதா என்பதைப் பின்பக்கத் தட்டுதான் சொல்லும். ஊற்றிய தண்ணீர் அங்கே வந்து விழ வேண்டும். கம்ப்ரசர் ஆறியபிறகு அந்தத் தட்டையும் தேய்த்துக் கழுவிவிடுங்கள். டெங்கு கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கும் நல்ல தண்ணீரில்தான். மாநகராட்சி ஊழியர்கள் வீட்டுக்கு வந்தால் ஃபிரிட்ஜின் பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பதும் இதனால்தான். முட்டை கொசுவாகப் பத்து நாள் போதும் என்பதால், தட்டை வாரம் ஒருமுறை கழுவுங்கள்.

எல்லாம் காய்ந்தபின் பிளக்கைப் போடுங்கள். சில நாளிலேயே மறுபடி தண்ணீர் வந்தால் கதவு ரப்பரைப் பாருங்கள்: இடையில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள், சுலபமாக வந்தால் ரப்பர் மாற்ற வேண்டும்.