ரைஃபிள் ஸ்கோப்பை நம்புவதற்கு முன்: இலக்குச் சுடுதலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கோப் வாங்கச் செல்பவர்களில் பெரும்பாலோர் கடை வாசலில் நின்று, எதிரிலுள்ள பெயர்ப்பலகையை அதன் வழியே படித்துப் பார்த்து, எழுத்து பளிச்சென்று தெரிந்தால் அதுவே நல்ல ஸ்கோப் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இலக்குச் சுடுதலைப் பொறுத்தவரை முதல் தவறு இங்கேயே தொடங்குகிறது. படத்தின் தெளிவை நொடியில் கண்டறியலாம். நம்பகத்தன்மையைக் கடையில் நின்று கண்டறிய வழியே இல்லை. ஒரு ஸ்கோப் நம்பத்தக்கதா என்பது இரண்டு கேள்விகளைப் பொறுத்தது. வைத்த இடத்தில் ரெட்டிகில், அதாவது ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு, அசையாமல் நிற்கிறதா? அதை நகர்த்தும் டரட் எனும் குமிழைத் திருப்பியபோது, சொன்ன அளவுக்கு மட்டும் நகர்ந்து, திரும்பச் சொன்னால் அதே இடத்துக்கு வந்து சேர்கிறதா? மங்கலான கண்ணாடி உள்ள ஸ்கோப்பை வைத்துக்கொண்டு நல்ல புள்ளிகள் எடுக்கலாம். ரெட்டிகில் அலையும் ஸ்கோப்பை வைத்துக்கொண்டு எடுக்க முடியாது.

ஒலிம்பிக்கில் இடம்பெறும் 10 மீட்டர், 50 மீட்டர் ரைஃபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை; அங்கே சிறு துளை வழியே குறிபார்க்கும் பீப் சைட்தான். ஆகவே இங்கே சொல்லப்படுபவை ரைஃபிளை மேசைமேல் தாங்கி வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட், நெடுந்தொலைவுக்குச் சுடும், கனடாவின் ஜார்ஜ் ஃபர்குஹார்சன் பெயரின் முதலெழுத்தைத் தாங்கிய எஃப் கிளாஸ், ஏர் ரைஃபிளுக்கான ஃபீல்டு டார்கெட் போன்ற போட்டிகளுக்கும், அவற்றுக்கான பயிற்சிக்கும் உரியவை.

ஸ்கோப்பின் வெளிக்குழாய்க்குள் எரெக்டர் எனப்படும் இன்னொரு சிறு குழாய் இருக்கிறது. டரட்டின் திருகு ஒருபுறமிருந்து அதைத் தள்ள, எதிர்ப்புறத்திலிருந்து ஒரு ஸ்பிரிங் அதைத் திருகோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு குண்டு வெடிக்கும்போதும் அதிர்வைத் தாங்கி அந்தக் குழாய் பழைய இடத்திலேயே நிற்பது ஸ்பிரிங்கின் அழுத்தத்தால்தான். டரட்டை அதன் பயண எல்லைவரை கொண்டுபோய் வைத்துச் சுடுவது ஆபத்தாவதும் இதனால்தான். ஏற்றத்தின் உச்சியில் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். பக்கவாட்டில் நகர இடமும் குறைந்துவிடும். நெடுந்தொலைவு சுடுவோர் ஸ்கோப்புக்கு அடியில் முன்புறம் தாழ்ந்து சரியும் 20 எம்ஓஏ (எம்ஓஏ என்பது கோணத்தின் சிறு அலகு) ரெயிலைப் பொருத்துவது, சீரோ வைக்கும் (குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பை அமைக்கும்) நிலையும் சுடும் நிலையும் இந்த எல்லைகளுக்கு நடுவில் அமைய வேண்டும் என்பதற்காகவே. உள்ளே இருக்கும் இந்தப் பொறியமைப்பின் மீது நம்பிக்கை இழந்த பெஞ்ச்ரெஸ்ட் வீரர்கள் சிலர், ஸ்கோப்பின் உட்பாகங்களை அசையாதபடி உறைய வைத்துவிட்டு, வெளியே ஸ்கோப்பை ரைஃபிளோடு பிணைக்கும், திருகுகள் கொண்ட மவுண்டினால் முழு ஸ்கோப்பையும் நகர்த்திச் சுட்டிருக்கிறார்கள். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை சிதறலை அளக்கும் அளவுக்குக் குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டிய போட்டியில், பலருக்கு மிகையாகத் தோன்றும் அந்த எச்சரிக்கை முற்றிலும் நியாயமானது என்றே கருதுகிறேன்.

ஆனால் ‘ஸ்கோப் கெட்டுப்போய்விட்டது’ என்ற புகாரை எடுத்துக்கொண்டால், குற்றம் ஸ்கோப்புக்குள் இருப்பதைவிட அதைப் பொருத்திய விதத்தில் இருப்பதே அதிகம். ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்கின் திருகுகளைக் கைக்கு வந்தபடி முறுக்குவது இவற்றில் முதன்மையானது. பல தயாரிப்பாளர்கள் ரிங்கின் மேல்மூடித் திருகுகளுக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும் என்கிறார்கள். சாதாரண ஆலன் சாவியை இறுகப் பிடித்துத் திருப்பினால் இந்த அளவை மிக எளிதாகத் தாண்டிவிடலாம். அப்படித் தாண்டும்போது மெல்லிய அலுமினியக் குழாய் நசுங்கி, உள்ளே எரெக்டர் தடையின்றி நகர முடியாமல் போகிறது. இலக்கின் தொலைவுக்கேற்பப் பிம்பத்தைச் சரிசெய்யும் பாரலாக்ஸ் குமிழ் இறுகிப் போவதும் இதன் அறிகுறிதான். முறுக்களவு காட்டும் ஸ்குரூடிரைவர் ஒன்றை வாங்கிக்கொள்வது, அடுத்த படிநிலை ஸ்கோப்புக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தைவிடப் பயனுள்ள செலவு. திருகின் புரியில் எண்ணெயோ திருகுப்பசையோ இருந்தால் உராய்வு குறைந்து, அதே முறுக்களவில் பிடிப்பு கூடிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மேல்மூடியின் இருபுற இடைவெளியும் சமமாக இருக்கும்படி, திருகுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும்.

குறுக்குக் காடிகள் கொண்ட பிக்காட்டினி ரெயிலில் மவுண்டைப் பூட்டும்போது பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ரைஃபிள் பின்னால் உதைக்கும்போது ஸ்கோப் தன் எடையால் இருந்த இடத்திலேயே நிற்க முயல்வதால், ரெயிலைப் பொறுத்தவரை அது முன்னோக்கி நழுவப் பார்க்கிறது. எனவே மவுண்டின் குறுக்குப் போல்ட் காடியின் முன்சுவரைத் தொடும்படி முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டே இறுக்க வேண்டும். தள்ளாமல் இறுக்கினால், அந்தச் சிறு இடைவெளியை முதல் சில குண்டுகளே மூடிவிடும். நேற்று வைத்த சீரோ இன்று இல்லை என்ற குழப்பம் அப்போதுதான் தொடங்கும்.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் இந்தத் திசை மாறுகிறது. விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னே பாய்வதால் ரைஃபிள் பின்னால் தள்ளப்படுகிறது. பிஸ்டன் அறையின் முனையில் சென்று நின்றவுடன் ரைஃபிள் முன்னோக்கி வெட்டி இழுக்கிறது. இதனால் ஸ்கோப் பின்னோக்கி நகர்கிறது. அதைத் தடுக்க மவுண்டில் நிறுத்து ஊசி இருக்க வேண்டும். பின்னுதையை மட்டும் எண்ணி வடிவமைக்கப்பட்ட ஸ்கோப், பெரிய வேட்டை ரைஃபிளில் ஆண்டுக்கணக்கில் உழைத்ததாக இருந்தாலும், இந்த இருதிசை அதிர்வில் ரெட்டிகில் தளர்ந்தோ லென்ஸ் பிடிப்பு விட்டோ பழுதாகலாம். ‘ஏர்கன் தானே, எந்த ஸ்கோப்பும் தாங்கும்’ என்பது தவறான எண்ணம்; ஏர் ரைஃபிளுக்கு உகந்தது என்று தயாரிப்பாளரே சொல்லும் ஸ்கோப்பைத்தான் இதற்கு வாங்க வேண்டும்.

சீரோ நகர்ந்துவிட்டதா என்பதை மூன்று குண்டுகளைச் சுட்டு முடிவு செய்வதும் தவறே. ஒரே ரைஃபிள், ஒரே தோட்டா, ஒரே கை என்றாலும் குண்டுகள் சிதறத்தான் செய்யும். அந்தச் சிதறலின் மையத்தை மூன்று குண்டுகளிலிருந்து கணிக்கும்போது ஏற்படும் பிழை, பத்துக் குண்டுகளிலிருந்து கணிக்கும்போது ஏற்படுவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூன்றைச் சுட்டுவிட்டு டரட்டை இரண்டு க்ளிக் (படி) திருப்பி, மீண்டும் மூன்றைச் சுட்டுவிட்டு எதிர்ப்பக்கம் திருப்புகிறவர், ஸ்கோப் செய்யாத பிழையைத் தாமே ஒவ்வொரு முறையும் உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்.

க்ளிக் சரியான அளவுக்கு நகர்கிறதா என்று பார்ப்பதற்கு முன், அதன் அலகு எது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு எம்ஓஏ என்பது 100 கஜத்தில் 1.047 அங்குலம், 100 மீட்டரில் 29 மில்லிமீட்டர். சில ஸ்கோப்புகளில் ஒரு எம்ஓஏ என்று போட்டிருப்பது உண்மையில் 100 கஜத்துக்குச் சரியாக ஓர் அங்குலமாக இருப்பதுண்டு. ஒரு மில் என்பது 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர்.

இந்தச் சோதனைக்குத் தோட்டாவே தேவையில்லை. ரைஃபிளையோ ஸ்கோப்பை மட்டுமோ அசையாத பிடியில் இறுக்கி, 100 மீட்டரில் தூக்குக்குண்டு கட்டிய நூலின்படி ஒரு செங்குத்துக்கோடு வரைந்து, அதன் உச்சியில் ரெட்டிகிலின் மையத்தை வைக்க வேண்டும். 0.1 மில் க்ளிக் உள்ள ஸ்கோப்பில் 100 க்ளிக் ஏற்றினால், ரெட்டிகில் கோட்டின் மீதே கீழிறங்கிச் சரியாக ஒரு மீட்டரில் நிற்க வேண்டும். 98 சென்டிமீட்டரில் நின்றால் 2 விழுக்காடு குறைகிறது. கோட்டைவிட்டு ஒருபுறம் விலகினால் ரெட்டிகில் சாய்ந்திருக்கிறது. பிறகு 100 க்ளிக் இறக்கி, தொடங்கிய புள்ளிக்கே வருகிறதா என்று பார்த்து, இதைப் பல முறை திருப்பிச் செய்ய வேண்டும். தொலைவை நாடாவால் அளப்பது கட்டாயம். ஒரு மீட்டர் பிசகினாலே அளவீட்டில் ஒரு விழுக்காடு பிழை நுழைந்துவிடும், அது ஸ்கோப்பின் குறையாகத் தோன்றும்.

இதில் வரும் பிழைகள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. எப்போதும் 2 விழுக்காடு குறைவாக நகரும் ஸ்கோப்பை வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம். கணக்கில் அந்த 2 விழுக்காட்டைச் சேர்த்துக்கொண்டால் போதும். சேர்க்காவிட்டால், ஆயிரம் கஜத்துக்காக 35 எம்ஓஏ ஏற்றும்போது 0.7 எம்ஓஏ, அதாவது ஏழு அங்குலத்துக்கு மேல் தவறும். எஃப் கிளாஸில் ஒரே தொலைவில் நின்று, மாதிரிக் குண்டுகள் சுட்டுத் திருத்திக்கொள்ள வாய்ப்பிருப்பதால் அங்கே இந்தப் பிழையின் தாக்கம் குறைவு. வெவ்வேறு தொலைவுகளுக்கு முதல் குண்டே பட வேண்டிய போட்டிகளில் அதுவே புள்ளியைப் பறித்துவிடும். ஒருமுறை 98, மறுமுறை 101 என்று மாறி நகரும் ஸ்கோப்புக்கோ எந்தக் கணக்கும் உதவாது.

ரெட்டிகில் நேராக இருந்தும் ரைஃபிளைச் சாய்த்துப் பிடித்தால் அந்தப் பழியும் ஸ்கோப்பின் மீதே விழும். 35 எம்ஓஏ ஏற்றிய நிலையில் ஒரு பாகை சாய்ந்தால், ஆயிரம் கஜத்தில் குண்டு ஆறு அங்குலத்துக்கு மேல் பக்கவாட்டில் விலகும். ஸ்கோப் குழாயில் மாட்டும் சிறிய நீர்மட்டம் ஒன்று இதைத் தீர்த்துவிடும்.

பாரலாக்ஸ் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இலக்கின் பிம்பமும் ரெட்டிகிலும் ஒரே தளத்தில் விழாதபோது, கண் சிறிது நகர்ந்தாலும் ரெட்டிகில் இலக்கின் மீது நகர்வதுபோல் தெரியும். 100 மீட்டருக்குப் பாரலாக்ஸ் அமைக்கப்பட்ட 40 மி.மீ. லென்ஸ் கொண்ட ஸ்கோப்பில் 50 மீட்டர் இலக்கைப் பார்த்தால், கண் விளிம்புக்கே விலகும்போது பிழை ஏறக்குறைய 10 மி.மீ. வரை போகலாம். 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான். குமிழில் பொறித்த தொலைவு எண்ணை நம்பி நிறுத்திவிடுவதும், படம் தெளிந்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுவதும் ஒரே தவறின் இரு வடிவங்கள். முதலில் வெண்சுவரையோ, சூரியன் இல்லாத திசை வானத்தையோ பார்த்தபடி கண்வில்லையைத் திருப்பி ரெட்டிகிலைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டும். அதன்பின் ரைஃபிளை மூட்டையில் அசையாமல் வைத்து, கன்னத்தை எடுத்துவிட்டுத் தலையை மட்டும் மேலும் கீழும் அசைத்து, ரெட்டிகில் இலக்கில் நகராத நிலை வரும்வரை பாரலாக்ஸ் குமிழைத் திருப்ப வேண்டும்.

சூடேறிய குழலிலிருந்தும் வெயிலில் காயும் தரையிலிருந்தும் எழும் கானல், உயர் உருப்பெருக்கத்தில் இலக்கையே இடம்பெயர்த்துக் காட்டும். நண்பகலில் குண்டுகள் விலகினால், டரட்டைத் தொடாமல் மறுநாள் காலை மீண்டும் சுட்டுப் பார்ப்பது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லையென்றால், ரைஃபிளின் உலோகப் பகுதியைக் கட்டையோடு பிணைக்கும் ஆக்‌ஷன் திருகுகளையும் மவுண்டையும் சரிபார்த்துவிட்டு, சரியாக உழைப்பதாகத் தெரிந்த இன்னொரு ஸ்கோப்பை அதே ரைஃபிளில் பொருத்திச் சுட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஸ்கோப்பையும் தோட்டாவையும் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலே போய்விடும். சிதறல் சுருங்கினால், சந்தேகத்துக்குரிய ஸ்கோப்பை, செங்குத்துக்கோட்டுச் சோதனையின் தாள், அளந்த தொலைவு, திருப்பிய க்ளிக், ரெட்டிகில் நின்ற இடம் ஆகிய விவரங்களோடு தயாரிப்பாளரின் பழுதுநீக்கப் பிரிவுக்கு அனுப்பலாம். ‘சரியாக இல்லை’ என்று மட்டும் எழுதி அனுப்பினால், அவர்கள் மேசையில் வைத்துப் பார்த்துவிட்டுக் குறையில்லை என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். பழுது நீக்கி வந்த ஸ்கோப்பையும் அதே கோட்டின் முன் வைத்து மறுபடி அளந்த பின்பே போட்டிக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.