வேற்றுலகத்தாருக்குச் செய்தி வரைவது எப்படி?

வேற்றுலக அறிவுயிர்களுக்கு ஒரு செய்தியை வடிவமைக்க முனைபவர் முதலில் கைவிட வேண்டியது மொழியை. 1977இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றப்பட்ட தங்க முலாம் பூசிய இசைத்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து உண்டு. தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் இருக்க, தமிழ் இல்லையே என்று நமக்கு மனக்குறை இருக்கலாம்; ஆனால் கேட்கப்போகிறவருக்கு அந்த 55உம் ஒன்றுபோல வெறும் ஓசைதான். வானொலி அலையில் நாம் அனுப்பும் செய்தியைப் பிடித்தவரிடம் அதற்கான கருவி இருக்கிறது, அதைச் செய்யும் அளவுக்குக் கணக்கும் இயற்பியலும் தெரியும் என்பதைத் தவிர அவரைப் பற்றி எதையும் அனுமானிக்கக் கூடாது.

பழகுவதற்கு நல்ல முன்மாதிரி, அமெரிக்க வானியலாளர் ஃபிராங்க் ட்ரேக்கும் சகாக்களும் வடிவமைத்து, 1974 நவம்பர் 16 அன்று போர்ட்டோ ரிக்கோவின் அரேசிபோ தொலைநோக்கியிலிருந்து, சுமார் 25,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்13 விண்மீன் கொத்தை நோக்கி அனுப்பப்பட்ட செய்தி. அதில் இருந்தவை 1,679 பிட்டுகள், அதாவது 0 அல்லது 1 என்ற குறிகள், மட்டுமே. 1,679 என்பது 23, 73 என்ற இரண்டு பகா எண்களின் பெருக்குத்தொகை. எனவே அதைச் செவ்வகமாக அடுக்க இரண்டே வழிகள் உள்ளன, குறுக்கே 23 கட்டம் வைத்து அடுக்கினால் படம் தெரியும், 73 வைத்தால் குழப்பமே மிஞ்சும்.

நீங்களும் ஒரு கட்டத்தாளில் இரண்டு பகா எண்களைத் தேர்ந்து சட்டம் போட்டு, நிரப்பிய கட்டத்துக்கு 1, வெற்றுக் கட்டத்துக்கு 0 என்று எழுதிக்கொள்ளுங்கள். 0 என்பதை மௌனமாக விட்டுவிடாமல், அரேசிபோவில் செய்ததுபோல இரண்டுக்கும் சற்றே வேறுபட்ட இரு அதிர்வெண்களை ஒதுக்குவது நல்லது. இந்த முறையின் பலவீனத்தையும் அறிந்திருக்க வேண்டும்: வழியில் ஒரே ஒரு பிட் தொலைந்து 1,678 ஆகிவிட்டால், அது 2, 839 என்றுதான் பிரியும், படம் போயே போய்விடும். அரேசிபோ செய்தி மூன்று நிமிடத்துக்கும் குறைவாக, ஒரே முறைதான் அனுப்பப்பட்டது. உங்கள் செய்தியைச் சீரான இடைவெளி விட்டுப் பலமுறை அனுப்பத் திட்டமிடுங்கள்.

படத்தின் உச்சியில் எண்களை வையுங்கள், ஏனென்றால் பின்னால் வருவதெல்லாம் அவற்றின் மேல்தான் நிற்கிறது. ட்ரேக் ஒன்று முதல் பத்து வரை இரும எண்களில் எழுதி, அடுத்து 1, 6, 7, 8, 15 என்று ஐந்து எண்களை வைத்தார். அவை ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றின் அணு எண்கள். அதற்குப் பிறகு 7, 5, 0, 1, 0 என்று வந்தால், அதே வரிசையில் ஏழு ஹைட்ரஜன், ஐந்து கார்பன், ஓர் ஆக்சிஜன் என்று பொருள்: டிஎன்ஏ சங்கிலியில் கோத்திருக்கும் சர்க்கரை! ஒரு சொல்கூட இல்லாமல் வேதியியல் வந்துவிடுகிறது.

அளவுகளுக்கு மீட்டரோ அடியோ உதவாது. மனித உருவத்தின் அருகே ட்ரேக் 14 என்று மட்டும் எழுதினார்; செய்தியைச் சுமந்து சென்ற அலையின் நீளமான 12.6 சென்டிமீட்டரால் அதைப் பெருக்கினால் சுமார் 176 சென்டிமீட்டர் உயரம் கிடைக்கும். பெறுபவரின் கையிலேயே இருக்கும் அலையை அளவுகோலாக்கிய இந்த யோசனைதான் அந்தச் செய்தியிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. மாறாக, வேற்றுலகத்தாருக்கென்று பயனியர் விண்கலத்தில் பொருத்திய படத் தகட்டில், கலத்தின் பாதையைக் காட்ட வரைந்த அம்புக்குறி, வில்லையும் அம்பையும் அறிந்தவர்களுக்கே புரியும் என்று கலை வரலாற்றாசிரியர் எர்ன்ஸ்ட் காம்பிரிச் அப்போதே குறை சொன்னார். பழக்கத்தால் மட்டுமே நமக்குப் புரியும் இத்தகைய குறிகள் உங்கள் தாளில் இருந்தால் அழித்துவிடுங்கள்.

கடைசியாகப் படத்தைக் காட்டாமல், சுழியும் ஒன்றுமான வரிசையை மட்டும் விவரம் அறியாத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். ட்ரேக்கும் முன்னதாக 551 பிட்டுகள் கொண்ட ஒரு புதிரைச் சக விஞ்ஞானிகளுக்கு அனுப்பிப் பார்த்தவர்தான். நான் 13க்கு 17 கட்டத்தில் வரைந்த மனிதனைப் பக்கத்து வீட்டுச் சிறுவன் சரியாக அடுக்கிவிட்டு, ஏணி என்றான். கைகளைச் சற்றுக் கீழே இறக்கி மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.