நீர் குடித்த மூடியை மாற்றினேன்

இறங்கி உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டியின் (ஹாட் டப்) மூடியை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாமல் போனபோதுதான் எனக்கு உறைத்தது. உறையின் ஜிப்பைத் திறந்தேன். உள்ளிருந்த நுரைப் பலகையைச் சுற்றிய பிளாஸ்டிக் தாள் மடிப்போரத்தில் கிழிந்திருந்தது; விரலால் அழுத்தியதும் தண்ணீர் கசிந்தது. நீராவி புகுந்து ஊறிய பலகை சூட்டைத் தடுக்காது. ஒரு வாரம் வெயிலில் காயவைத்தும் எடை குறையவில்லை.

புதியதற்கு அளவெடுக்கப் பழைய மூடியை நம்பாதீர்கள், ஊறியது உருமாறியிருக்கும். நான் தொட்டியின் விளிம்பையே, வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம்வரை அளந்தேன். வளைந்த மூலைதான் படுத்தியெடுத்தது. இரண்டு நேர்ச்சட்டங்களை இரு பக்கங்களையும் ஒட்டி நீட்டி வைத்தேன். அவை சந்திக்கும் புள்ளியிலிருந்து வளைவு தொடங்கும் இடம்வரை உள்ள தூரமே மூலையின் ஆரம். நான்கு மூலைகளையும் தனித்தனியே அளந்துகொண்டேன்.

நடுவில் 5 அங்குலம், ஓரத்தில் 3 அங்குலம் எனச் சரிவுள்ள மூடியைத் தேர்ந்தெடுத்தேன்; மழைநீர் தேங்காமல் வழிந்துவிடும். ஆனால் தடிமனைவிட நான் கவனித்துப் பார்த்தது நடு மடிப்பைத்தான். இரு பாதிகளும் சேரும் அந்த இடுக்கில்தான் ஆவி வெளியேறும். மடிப்பின் முழு நீளத்துக்கும் இடைவெளியில்லாமல் அடைப்புப் பட்டை இருப்பதையே வாங்கினேன். வரும்போதே பூட்டக்கூடிய வார்களும் இருந்தன. குழந்தைகள் உள்ள வீட்டில் அது கட்டாயம் வேண்டும்.

இப்போதெல்லாம் குளோரின் கூடுதலாகச் சேர்த்தால் உடனே மூடுவதில்லை. தண்ணீரிலிருந்து எழும் குளோரின் வாயு மூடியின் அடிப்பக்கத்தை அரித்துவிடும்.