துவான்டே கால்வாய ஒரே நாள்ல பாக்கணும்னா

பர்மாவுல ரங்கூன்ல இருந்து கெளம்புறவங்க காலையிலயே பான்சோடான் படகுத்துறைக்கு போயிடுங்க, அங்க ஃபெர்ரி ஏறுனா கொஞ்ச நேரத்துல அக்கரையில டலாங்கிற ஊர், அங்கருந்து துவான்டே ஊருக்கு வண்டி கெடைக்கும், கூலிய ஏறுறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சிடுங்க.

கால்வாய் 35 கிலோமீட்டர். 1880கள்ல வெள்ளக்காரன் வெட்டுனது, பிறகு அகலப்படுத்துனாங்க. ரங்கூன் ஆத்தையும் ஐராவதி ஆத்தையும் இதுதான் சேக்குது, இல்லாட்டி டெல்டா போற படகு கடல் பக்கமா சுத்தணும். கரையில ஒரு அரை மணி சும்மா நில்லுங்க, நெல்லு மூட்டை ஏத்துன படகு தண்ணி விளிம்ப தொட்டுக்கிட்டு போறது அவ்ளோ அழகு. ஆனா கரை விளிம்புக்கு போகாதீங்க, மண்ணு சரியும், புள்ளைங்க கைய விடவே கூடாது.

அப்புறம் துவான்டேயில இருக்க ஓபோ சட்டிப்பானை பட்டறைங்க, இத விட்டுட்டு வந்தா போனதே வீண். ஒருத்தர் சக்கரத்த சுத்த இன்னொருத்தர் ஈரக்கையால களிமண்ண தூக்குறாங்க, கண்ணு முன்னாடியே கழுத்து எழும்புது, கடைசியில ஒரு நூல அடியில இழுத்து அறுத்து எடுக்குறாங்க. போட்டோ எடுக்க கேட்டுட்டு எடுங்க, ஒரு சின்ன பானையாச்சும் வாங்குங்க, அது அவங்க சோறு. வாங்குனத வைக்கோல் சுத்தி மடியில வச்சுக்கங்க, ரோடு குலுக்கும்.

துவான்டேயிலயே இருக்க ஷ்வேசண்டோ பகோடாவுக்கு, அதாவது புத்தர் கோயிலுக்கு, செருப்ப கழட்டணும், மத்தியான வெயில்ல தரை சுடும், அதனால சாயங்காலமா போங்க. கடைசி ஃபெர்ரி எத்தனை மணிக்குன்னு காலையிலயே படகுத்துறையில கேட்டு வச்சுக்கங்க.