கடற்கரையில் தொலைந்த நகையைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை, மெட்டல் டிடெக்டருடன் வரும் புதியவர்கள் ஒரே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். பேட்டரியை மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

குப்பையோடு தங்கத்தையும் ஒதுக்குவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். மாத்திரை அட்டையும் சிகரெட் பெட்டித் தாளும் ஓயாமல் ஒலிப்பதால், பலரும் டிஸ்கிரிமினேஷனை (வேண்டாத உலோக ஒலிகளை ஒதுக்கும் அமைப்பை) கூட்டி அலுமினிய ஒலியை அடக்கிவிடுகிறார்கள். ஆனால் கருவிக்கு உலோகத்தின் பெயர் தெரியாது. பொருளின் மின்கடத்தும் திறன், அளவு, வடிவம் மூன்றும் சேர்ந்த விளைவைத்தான் அது எண்ணாகக் காட்டுகிறது. மெல்லிய தங்க மோதிரம், மூக்குத்தி, கம்மல் ஆகியவை பெரும்பாலும் அலுமினியத் தாளுக்குரிய எண்களிலேயே விழும். சங்கிலியைக் கருவி முழுதாக உணராமல் கண்ணி கண்ணியாக உணர்வதால், நல்ல கனமான சங்கிலிகூடக் கசங்கிய தாளைவிடச் சன்னமாக ஒலிக்கலாம். வெள்ளிக் காசு உயர்ந்த எண்ணில் தெளிவாக ஒலிப்பதால், வெள்ளி மட்டுமே கிடைக்கிறதே என்று குறைப்படுபவர் முதலில் தம் கருவியின் அமைப்பைப் பார்க்க வேண்டும்.

திருவொற்றியூரில் கம்மலைத் தொலைத்துவிட்டுத் தவித்த ஓர் அம்மாவிடம், அந்த இடத்தை நன்றாக அலசிய இளைஞர் ஒருவர், "இங்க இல்லைங்கம்மா" என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். தாளை ஒதுக்கும் அமைப்பை நீக்கிவிட்டு அதே மணலில் மறுபடி நடக்கச் சொன்னேன். ஒரு மாத்திரை அட்டை வந்தது, பிறகு ஒரு மூடி வந்தது, அதன்பின் சல்லடையில் கம்மல் தங்கியது, திருகாணி கிடைக்கவேயில்லை. தேடாத இடத்தைத் தேடியதாகச் சொன்னால், தொலைத்தவர் நம்பிக்கை இழந்து வீடு திரும்பிவிடுவார். வேண்டுமானால் இரும்பை மட்டும் ஒதுக்குங்கள்; தாளைத் தோண்டித்தான் ஆக வேண்டும்.

ஈர மணலில் கருவியைப் பழிப்பது

உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால், ஒரே அதிர்வெண்ணில் மட்டும் இயங்கும் கருவிகள் அலை நனைத்த மணலில் பொய்யொலி எழுப்பும். சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனைக் குறைத்து, மண்ணின் ஒலியை ஒதுக்கும் கிரவுண்ட் பேலன்ஸை அந்த ஈர மணலிலேயே சரிசெய்யுங்கள்.

மணல் சேரும் இடத்தையே சுற்றுவது

நம் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. சென்னைத் துறைமுகம் அதைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் அரிப்புக்கு உள்ளாயின. அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிய கற்சுவர்களான தூண்டில் வளைவுகளின் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரையும். தங்கம் மணலைவிடப் பன்மடங்கு அடர்த்தியானது என்பதால் கெட்டியான அடுக்குவரை இறங்கிவிடும். எனவே பழைய மோதிரத்தை, மேல்மணல் அரித்துப்போன பக்கத்தில் தேடுங்கள்.

வலை காயும் இடம்

அங்கே தோண்டாதீர்கள்.

குழி

மூடிவிட்டு நகருங்கள்.

கிடைத்ததெல்லாம் தமதென்று நினைப்பது

அண்மையில் தொலைந்த நகைக்கு உரியவர் இருக்கிறார். அவரைக் கண்டறிய முடியாவிட்டால் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். மண்ணில் மறைந்து கிடந்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக இருந்தால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.